சொல்லாக் குறிப்பு

அயோவாவின் வடமேற்கு மூலையில்
ஜனவரி மாதம் எட்டு மணிக்குத்தான் விடியும்.
இரண்டாம் வகுப்பு வாசலில்
பத்தொன்பது ஜோடி பனிக்காலணிகள்
உருகி வடிக்கும் தண்ணீரில்
என் காலுறை ஒன்று தினமும் நனையும்.
இடது கால். ஏன் இடதென்று தெரியாது.

வருகைப் பதிவு, சாப்பாட்டுப் பணம்,
யாருக்காவது ஒரு மூக்குத் துடைப்பு,
பிறகு வெள்ளைப் பலகையில்
ஜெபக் குறிப்புகள் என்று எழுதுவேன்.
கைகள் சோளத்தட்டையாக எழும்பும்.
இந்த மாதத்தில் எங்கள் ஊரில்
நிமிர்ந்து நிற்கும் விளைச்சல் அது ஒன்றுதான்.

டெஸ்ஸாவின் வெள்ளெலி சாப்பிட மறுக்கிறது.
யோலீனின் மாமா லாரியோடு பள்ளத்தில் சறுக்கிவிட்டார்;
மாமாவுக்கு ஒன்றுமில்லை,
லாரிக்குத்தான் ஜெபிக்க வேண்டும்.
பிரெக்கனின் ஆடும் பல்லுக்கு
இன்றோடு நான்காம் நாள்.
விழ வேண்டுமென்றா, விழக்கூடாதென்றா?
"அது கர்த்தருக்குத் தெரியும்" என்றான்,
அப்படியே அவன் அப்பாவின் குரல்.

ஹார்மன் கை தூக்குகிறவன் இல்லை.
முறை வந்தால் "அடுத்து" என்பான்,
பென்சில் டப்பாவிலிருந்து கண் எடுக்காமல்.
செவ்வாய்க்கிழமை தூக்கினான்.
"சொல்லாக் குறிப்பு" என்றான்.

பெரியவர்கள் புதன் இரவுக் கூட்டத்தில் சொல்வது அது.
கட்டி, கடன், மகளின் விவாகரத்து.
வாய்க்கு வராததை
அந்த ஒரு சொல்லில் மடித்து
காணிக்கைப் பையில் போடுவதுபோல் போட்டுவிடுவார்கள்.
நானும் மறுபேச்சில்லாமல் எழுதினேன்:
ஹார்மன் – சொல்லாதது.

வகுப்புக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று.
வெள்ளெலியை டெஸ்ஸா வாபஸ் வாங்கினாள்.
"எனக்கும் சொல்லாதது, மிஸ் போஸ்மா."
"எனக்கு ரெண்டு."
"அவளுக்கு ரெண்டுன்னா எனக்கு ஏழு."
பலகை முழுக்கச் சொல்லாதவை.
கண்களை மூடினோம்.

ஜெபத்தின் நடுவே ஒரு கண்ணைத் திறந்து
தலைகளை எண்ணுவது என் வேலையில் சேர்த்தி,
சம்பளத்தில் சேர்த்தியில்லை.
பதினெட்டுத் தலைகள் கவிழ்ந்திருந்தன.
ஹார்மன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பனிக்கோட்டைக் கழற்றவில்லை.
அதன் கீழ்விளிம்பை
இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தான்.

ஆமென்னுக்கு முன்பே வாசனை வந்துவிட்டது.
அவன் வீட்டிலிருந்து பேருந்தில் ஐம்பது நிமிடம்.

அலமாரியின் மேல்தட்டில்
பசைப் புட்டிகளுக்குப் பின்னால் ஒரு பை உண்டு.
நான்கு கால்சட்டை, இரண்டு அளவுகளில்,
சபைப் பெண்கள் கொடுத்த உள்ளாடை,
ஈரத்தாள் ஒரு கட்டு.
"ஹார்மன், இதைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வா.
அவசரமில்லை."
மற்றவர்களை
கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் இறக்கிவிட்டேன்.
அதில் விழுந்தவர்கள் லேசில் நிமிரமாட்டார்கள்.

வந்தான்.
காலை ஈர்த்து ஈர்த்து நடந்தான்,
இரண்டு மடிப்பு மடித்தும் நீளமான நீலக் கால்சட்டையில்.
பிரெக்கன் நிமிர்ந்தான்.
கோட்டில்லாத ஹார்மனைப் பார்த்தான்,
கால்சட்டையைப் பார்த்தான்,
கேட்பதற்கு வாயைத் திறந்தான்.

பல் மேசைமேல் விழுந்தது.

ரத்தம், கூச்சல், கைதட்டல்.
பத்தொன்பது பேரும் ஒரே மேசையைச் சுற்றி,
ஹார்மனும்தான், எட்டிப் பார்த்து,
"என்னுது இதைவிடப் பெருசு" என்று.

என் குறிப்பேட்டில்
"பதில் வந்தது" என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அந்தத் தேதிக்கு நேரே
வெகுநேரம் பேனாவை வைத்திருந்தேன்.
பல், என்று மட்டும் எழுதினேன்.

மூன்றேகாலுக்குக் கடைசிப் பேருந்தும் போயிற்று.
ஈரக் கால்சட்டை அவன் பையிலே
முடிச்சுப் போட்டுப் போய்விட்டது;
அம்மாவுக்குச் சீட்டு எழுதவில்லை, தொலைபேசியில் சொல்லலாம்.
மேல்தட்டில் இனி மூன்று.
சனிக்கிழமை ஒன்று வாங்க வேண்டும்.
பலகையைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.
கீழோரத்தில்,
ஏழு வயது எட்டும் உயரத்தில்,
என் கையெழுத்தில் இல்லாத ஒரு வரி:
மிஸ் போஸ்மா – சொல்லாதது.
ஓர் எழுத்து விட்டுப்போய், ஓர் எழுத்து திரும்பி.

பழக்கதோஷம்,
முதலில் பிழையைத் திருத்தினேன்.
அப்புறந்தான் படித்தேன்.